கைராசியா, காரணமா? கண்புரை அறுவையின் வரலாறு



ஒரே மாதத்தில், ஒரே மருத்துவமனையில், கண்புரைக்கு அறுவை செய்துகொண்ட இரு முதியவர்களை எண்ணிப் பாருங்கள். ஒருவர் பத்து நாளில் நாளிதழ் படிக்கிறார். பேத்தியின் சட்டையில் அறுந்த பொத்தானைத் தாமே ஊசியில் நூல் கோத்துத் தைத்துக் கொடுக்கிறார். மற்றவரோ, "இன்னும் பனி மூட்டமாகத்தான் தெரிகிறது" என்கிறார். அக்கம்பக்கத்தார் என்ன சொல்வார்கள்? முதலாமவரைப் பார்த்து, "டாக்டருக்கு நல்ல கைராசி" என்பார்கள். இரண்டாமவரைப் பார்த்து, "எல்லாம் தலைவிதி" என்பார்கள். அதோடு நிற்பதில்லை. அடுத்த வீட்டுப் பாட்டி, "எனக்கு ஆப்பரேஷனே வேண்டாம், இருக்கிற கண்ணோடு போய்ச் சேருகிறேன்" என்று முடிவு செய்துவிடுகிறார். ஒருவருடைய ஏமாற்றம் பலருடைய பார்வையைப் பறித்துவிடுகிறது.

இது கைராசியா, அல்லது நாம் அறியக்கூடிய காரணங்கள் உண்டா? இந்தக் கேள்விக்கு விடை காண மனிதருக்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஒவ்வொரு காலத்திலும் ஒரு தோல்வி நேர்ந்தது; ஒவ்வொரு தோல்வியும் ஒரு காரணத்தைக் காட்டிக் கொடுத்தது. அந்த வரலாற்றைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

முதலில் புரை என்பது எது என்று தெளிவுபடுத்திக்கொள்வோம். கண்ணின் வெள்ளைப் பகுதியிலிருந்து கருவிழியை நோக்கிச் சதை வளர்வதைச் சிலர் புரை என்று எண்ணுகிறார்கள். அது வேறு. புரை விழுவது கண்மணிக்குப் பின்னால். அங்கே சிறு மொச்சைக்கொட்டை அளவில் ஒரு வில்லை இருக்கிறது. லென்ஸ் என்று சொல்கிறோமே, இலத்தீன் மொழியில் அச்சொல் மைசூர்ப் பருப்பைக் குறிக்கும். வடிவ ஒற்றுமையால் வந்த பெயர். கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும் அந்த வில்லை முதுமையால் மங்குகிறது. இனிப்புநீர், கண்ணில் பட்ட அடி, சில மருந்துகள் ஆகியவையும் அதை மங்கச் செய்யும். வெளிச்சம் உள்ளே போக முடியாமல் பார்வை மறைகிறது. வில்லைக்குப் பின்னால், கண்ணின் உட்சுவரில், விழித்திரை இருக்கிறது. அங்கே விழும் உருவத்தைப் பார்வை நரம்பு மூளைக்குக் கொண்டு செல்கிறது. வில்லை, விழித்திரை, நரம்பு ஆகிய இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டால் இனிச் சொல்லப்போவது எளிதில் விளங்கும்.

பண்டைய இந்தியாவின் மருத்துவ நூலான சுசுருத சங்கிதையில் புரைக்கான அறுவை விவரிக்கப்பட்டிருக்கிறது. கூரிய கருவியைக் கண்ணின் பக்கவாட்டில் செலுத்தி, மங்கிய வில்லையை இடம் பெயர்த்து வெளிச்சத்திற்கு வழிவிடுவது அந்த முறை. இதையொத்த முறை பின்னர் அரபு நாடுகளிலும் ஐரோப்பாவிலும் பரவியிருந்தது. அங்கெல்லாம் வில்லையை ஊசியால் அழுத்திக் கண்ணுக்குள்ளேயே கீழே தள்ளிவிடுவார்கள். வில்லை கண்ணைவிட்டு வெளியேறுவதில்லை. வழியிலிருந்து ஒதுங்குகிறது, அவ்வளவுதான். ஆனாலும் நோயாளிக்கு அப்போதே வெளிச்சம் தெரியும். வைத்தியர் விரலைக் காட்டி "எத்தனை?" என்பார், நோயாளி எண்ணிச் சொல்வார், கூடியிருந்தவர்கள் வியப்பார்கள்.

வைத்தியர் ஊரைவிட்டுப் போன பிறகு நடந்ததுதான் துயரம். 18ஆம் நூற்றாண்டில் ஜான் டெய்லர் என்ற ஆங்கிலேயர், கண்களின் படங்கள் தீட்டிய வண்டியில் ஐரோப்பாவெங்கும் சுற்றி இந்த வைத்தியம் செய்தார். 1750ஆம் ஆண்டு ஜெர்மனியின் லைப்சிக் நகரில், உலகப் புகழ்பெற்ற இசைமேதை யோகான் செபாஸ்டியன் பாகின் கண்ணை அவர் இருமுறை குத்தினார். பாகுக்குப் பார்வை திரும்பவில்லை, உடல்நலமும் குலைந்தது. அவ்வாண்டு ஜூலை 28ஆம் நாள் அவர் காலமானார். அரசர்களின் கண்ணுக்கும் வைத்தியம் பார்த்ததாகப் பெருமை பேசிய மருத்துவரின் கையில், ஒரு பெரும் கலைஞரின் இறுதி மாதங்கள் இருளில் கழிந்தன.

நம் முன்னோர் வாழ்ந்த சென்னை மாகாணத்திலும் இதே கதைதான். ஊர் ஊராகச் சென்று புரை குத்தும் வைத்தியர்கள் அங்கே இருந்தார்கள். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய நம் பாட்டன்மாரின் கிராமங்களும் அந்த வைத்தியர்கள் சுற்றிய கிராமங்கள்தாம். 1819இல் தொடங்கப்பெற்ற சென்னைக் கண் மருத்துவமனைக்கு, குத்துப்பட்டுக் கெட்ட கண்களோடு பலர் வந்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அம்மருத்துவமனையின் தலைவராக இருந்த ராபர்ட் ஹென்றி எலியட், அக்கண்களைத் தொகுத்து ஆராய்ந்து ஒரு நூலே எழுதினார். சீழ் பிடித்த கண்களும், உள்ளே அழுத்தம் ஏறி நரம்பு செத்த கண்களும் அவற்றில் நிறைந்திருந்தன. குத்தியவுடன் தெரிந்த வெளிச்சம் பலருக்கு நாளடைவில் அணைந்துபோயிருந்தது.

இங்கே நமக்கு முதற்பாடம் கிடைக்கிறது. அறுவை வெற்றியா தோல்வியா என்பதை அன்றைக்கே சொல்ல முடியாது. வாரங்களும் மாதங்களும் கழித்து அதே கண்ணைத் திரும்பப் பார்த்துக் கணக்கெடுத்தால்தான் உண்மை தெரியும். இன்று மருத்துவமனைகளில் "அடுத்த வாரம் வாருங்கள், அடுத்த மாதம் வாருங்கள்" என்று தேதி குறித்துக் கொடுப்பது இதனால்தான். "கண்தான் தெரிகிறதே, பஸ் பிடித்து எதற்குப் போவது?" என்று நம்மில் சிலர் அந்தத் தேதியைத் தவறவிடுகிறோம். அது பழைய வைத்தியர் செய்த பிழையை நாமே செய்வதாகும்.

வில்லையைத் தள்ளிவிடாமல் வெளியே எடுத்தால் என்ன என்று துணிந்தவர் பிரான்சு நாட்டு மருத்துவர் ழாக் தவியேல். 1747இல் அவர் கருவிழியின் ஓரத்தை வெட்டித் திறந்து, மங்கிய வில்லையைக் கண்ணிலிருந்து அகற்றினார். இன்று நடக்கும் அறுவைகளுக்கெல்லாம் அதுவே மூதாதை. ஆயினும் மயக்க மருந்து இல்லாத காலம் அது. நோயாளி துடிக்காமல் இருக்க ஆட்கள் பிடித்துக்கொள்வார்கள். வெட்டிய இடத்தைத் தைக்கும் வழக்கமும் இல்லை. கண் அசைந்தால் உள்ளிருப்பது வெளியே வழிந்துவிடும். அறுவைக்குப் பின் தலையின் இருபுறமும் மணல் மூட்டைகளை அண்டைகொடுத்து நோயாளியை நாள் கணக்கில் அசையாமல் கிடத்தும் வழக்கம் 20ஆம் நூற்றாண்டிலும் நீடித்தது.

அக்காலத்தில்தான் "புரை முற்றட்டும், பிறகு எடுக்கலாம்" என்ற வழக்கமும் வேரூன்றியது. முற்றாத வில்லையை எடுத்தால் அதன் பிசுபிசுப்பான பகுதி உள்ளே தங்கிக் கண்ணைப் புண்ணாக்கும். முற்றிய வில்லை கட்டியாக வெளிவரும். ஆகவே காத்திருப்பது அன்று அறிவுடைமையாக இருந்தது. ஆனால் அக்காலக் கருவிகள் போய்விட்டன. அறிவுரை மட்டும் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. இன்று புரையை முற்றவிட்டால் நன்மையில்லை, தீமையே. முற்றிய வில்லை கல்போல் இறுகுகிறது. அதை உடைத்து எடுக்கக் கண்ணுக்குள் அதிக நேரம் வேலை செய்ய வேண்டியிருக்கிறது. சில கண்களில் வில்லை ஊதிப் பெருத்தோ, கசிந்தோ, கண்ணின் அழுத்தத்தை ஏற்றிவிடும். அப்படி ஏறிய அழுத்தத்தால் நரம்பு செத்துவிட்டால், பிறகு புரையை எவ்வளவு சுத்தமாக எடுத்தாலும் பயனில்லை.

வலியின் கொடுமை 1884இல் தீர்ந்தது. வியன்னா நகரின் இளம் மருத்துவர் கார்ல் கோலர், கொக்கேயின் கரைசலைக் கண்ணில் விட்டால் கண் மரத்துப்போகும் என்று கண்டறிந்தார். நோயாளி அமைதியாகப் படுத்திருந்தால் மருத்துவரின் கை நிதானப்படும். நிதானப்பட்ட கையில் கண்ணும் தப்பும்.

சீழ் பிடிக்கும் கொடுமைக்கு எதிரான போர் இன்னும் நீண்டது. 1867இல் ஜோசப் லிஸ்டர் கிருமிக்கொல்லியால் அறுவைப் புண்ணைக் காக்கும் முறையை வெளியிட்டார். கண் மருத்துவத்திலும் கருவிகளைக் கொதிக்க வைப்பதும் கையைத் தேய்த்துக் கழுவுவதும் வழக்கத்துக்கு வந்தன. எனினும் கிருமி நோயாளியின் சொந்த இமையிலும் இமை மயிரிலும் அல்லவா குடியிருக்கிறது? அறுவைக்கு முன் அயோடின் கலந்த மருந்தைக் கண்ணில் விட்டால் சீழ் பிடிப்பது குறைகிறது என்று நியூயார்க் ஆய்வு ஒன்று 1991இல் காட்டியது. அறுவை முடிந்ததும் கண்ணுக்குள்ளேயே கிருமிக்கொல்லி மருந்து செலுத்தினால் சீழ் பிடிக்கும் அபாயம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறைகிறது என்று 2007இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு நிலைநாட்டியது. இப்போது இத்தீங்கு மிக அரிதாகத்தான் நேர்கிறது. ஆனால் நேர்ந்தால் சில நாட்களிலேயே கண் போய்விடும்.

இனி கண்ணாடியின் கதைக்கு வருவோம். வில்லையை எடுத்துவிட்டால் வெளிச்சம் உள்ளே போகும். ஆனால் அதைக் குவித்து உருவமாக்க ஒன்றும் இருக்காது. அதற்காகத் தடித்த மூக்குக் கண்ணாடி கொடுத்தார்கள். நம் தோட்டங்களில் "சோடா புட்டிக் கண்ணாடி" என்று அதைச் சொல்லக் கேட்டிருப்போம். அக்கண்ணாடி உருவங்களை நூற்றுக்கு 25 முதல் 30 பங்கு வரை பெரிதாக்கிக் காட்டும். படிக்கட்டு பக்கத்தில் இருப்பதுபோல் தோன்றும். கால் வைத்தால் இடறும். பக்கவாட்டில் வருவது திடீரென்று கண்முன் குதிக்கும். ஒரு கண்ணில் மட்டும் அறுவை செய்திருந்தால் ஒரு கண் பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் காட்டித் தலை சுற்றும். அந்தக் கண்ணாடி உடைந்தாலோ தொலைந்தாலோ மனிதர் மறுபடியும் குருடர். அறுவை வெற்றி, ஆனால் பார்வை இல்லை. இப்படிப்பட்டவர்கள் உலகெங்கும் இலட்சக்கணக்கில் இருந்தார்கள். மருத்துவர் செய்ததில் பிழையில்லை, கண்ணாடிதான் இல்லை.

இக்குறையைத் தீர்த்தவர் லண்டனைச் சேர்ந்த ஹரால்டு ரிட்லி. இரண்டாம் உலகப் போரில் போர் விமானிகளின் கண்ணில் விமானக் கூண்டின் பிளாஸ்டிக் சில்லுகள் தெறித்துப் புதைந்தன. அவை கண்ணுக்குள் ஆண்டுக்கணக்கில் இருந்தும் பெரும் புண் உண்டாக்கவில்லை. அப்படியானால் அதே பிளாஸ்டிக்கால் ஒரு வில்லை செய்து கண்ணுக்குள்ளேயே வைத்தால் என்ன? 1949ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள், செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ரிட்லி அதைத் தொடங்கினார்.

இந்த ரிட்லிக்கும் நம் மலாயா மண்ணின் ஒரு பெருந்துயருக்கும் இடையே ஒரு தொடர்பு உண்டு. சயாம் மரண ரயில்பாதையை நாம் மறக்க முடியாது. 1942, 1943 ஆண்டுகளில் ஜப்பானியர் அப்பாதையைப் போட்டபோது, வெள்ளைக்காரப் போர்க்கைதிகளோடு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் ஆயிரமாயிரமாய்க் கொண்டு செல்லப்பட்டார்கள். பெருந்தொகையினர் திரும்பி வரவேயில்லை. போர் முடிந்து தாய்லாந்திலிருந்து விடுதலையான கைதிகளின் கண்களை இராணுவ மருத்துவராக இருந்து பரிசோதித்தவர் இதே ரிட்லி. உணவின்றி நலிந்த அவர்களில் பலருக்குப் பார்வை நரம்பு கெட்டிருந்தது. 1945இல் அதைப் பற்றி அவர் மருத்துவ இதழில் எழுதினார். அக்கண்களில் வில்லை தெளிவாக இருந்தது. இருந்தும் பார்வை இல்லை. நரம்பு கெட்டால் வில்லை எவ்வளவு நன்றாயிருந்தும் பயனில்லை என்பதற்கு அவர்களே சான்று. கைதிகளின் கண்களைப் பற்றி எழுதிவைக்க ஒரு மருத்துவராவது இருந்தார். அதே பாதையில் மண் சுமந்த நம்மவர்களின் கண்களைப் பற்றி நம் குடும்பங்களின் நினைவைத் தவிர அதிகம் மிஞ்சவில்லை.

ரிட்லியின் முதல் நோயாளிக்கு என்ன ஆயிற்று? வில்லை கண்ணில் நன்றாகப் பொருந்திற்று. ஆனால் அப்பெண்மணிக்குக் கடுமையான கிட்டப்பார்வை வந்துவிட்டது. இயற்கை வில்லையின் வடிவத்தை ஒட்டி ரிட்லி அதைச் செய்திருந்தார். பிளாஸ்டிக்கோ ஒளியை மிக அதிகமாக வளைத்தது. அறுவை சரி, வில்லையின் சக்திதான் தவறு. பின்னர் வேறு சில கண்களில் வில்லை இடம் பெயர்ந்தது. மூத்த மருத்துவர்கள் பலர் ரிட்லியைக் கண்டித்தார்கள். அமெரிக்க அரசின் மருந்துத்துறை கண்ணுள் வில்லைக்கு முறையான ஒப்புதல் அளித்தது 1981இல்தான். ரிட்லி தம் முதுமையில் தாமே புரை அறுவை செய்துகொண்டு, தாம் கண்ட வில்லையாலேயே உலகைப் பார்த்தார். 2000ஆம் ஆண்டு அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. மறு ஆண்டு காலமானார்.

எந்தக் கண்ணுக்கு எவ்வளவு சக்தியுள்ள வில்லை? இக்கேள்விக்குக் கணக்குப் போட்டு விடை கண்டவர்களுள் ஒருவர் சோவியத் மருத்துவர் பியோதொரோவ். 1967இல் அவரும் தோழர்களும் ஒரு வாய்பாட்டை வெளியிட்டார்கள். கருவிழியின் வளைவையும், கண்ணின் முன்பின் நீளத்தையும் அளந்து வில்லையின் சக்தியைக் கணக்கிடுவது அது. அந்த நீளத்தை அளப்பதில் ஒரே ஒரு மில்லிமீட்டர் தவறினால், கண்ணாடியின் சக்தி ஏறத்தாழ 2.5 முதல் 3 எண் வரை பிசகிவிடும். முதலில் ஒலி அலையால் அளந்தார்கள். 1999 முதல் கண்ணைத் தொடாமல் ஒளியாலேயே அளக்கும் கருவி வந்துவிட்டது. ஆனால் புரை மிகவும் முற்றிய கண்ணுக்குள் அந்த ஒளி நுழையாது. காலம் தாழ்த்தக் கூடாது என்பதற்கு இது இன்னொரு காரணம். அறுவைக்கு முன் "கண்ணை அளக்க வேண்டும், ஆடாமல் உட்காருங்கள்" என்று சொன்னால் சலித்துக்கொள்ளாதீர்கள். பின்னால் கிடைக்கும் பார்வையின் பெரும்பகுதி அந்த நாற்காலியில்தான் தீர்மானமாகிறது.

அடுத்தது வெட்டின் அளவு. முன்பெல்லாம் கருவிழியின் ஓரத்தில் 10 மில்லிமீட்டருக்கு மேல் வெட்டித் தைப்பார்கள். தையல் இறுகினால் கருவிழி கோணி, உருவமும் கோணும். 1967இல் நியூயார்க்கின் சார்லஸ் கெல்மன் ஒரு புதுவழி கண்டார். பல் மருத்துவரிடம் சென்றபோது, பல்லின் காரையை நடுக்கத்தால் உதிர்க்கும் கருவியைப் பார்த்து அவருக்கு யோசனை பிறந்ததாம். கேளா ஒலியால் வில்லையை உடைத்து உறிஞ்சி எடுக்க ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் துளை போதும். பிறகு மடித்து நுழைக்கும் வில்லைகளும் வந்தன. இன்று பெரும்பாலோருக்குத் தையலே இல்லை.

வெட்டு சிறிதானால் மட்டும் போதாது. உள்ளே மென்மையும் வேண்டும். பால்மரம் வெட்டியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பட்டையை வெட்டலாம், கத்தி சற்று ஆழம் போய்க் கட்டையைத் தொட்டுவிட்டால் மரத்தில் காயம் விழும், அந்த இடத்தில் பிறகு பட்டை சீராக வளராது. கருவிழியின் உட்பக்கத்தில் ஒரே அடுக்காக உயிரணுக்கள் இருக்கின்றன. அவை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. அதிகம் செத்தால் கருவிழி நீர் கோத்து மங்கிவிடும். இதைக் காக்கவே அறுவையின்போது ஒரு கூழ்ம மருந்தைக் கண்ணுக்குள் நிரப்புகிறார்கள்.

விலை உயர்ந்த இயந்திரம் இருந்தால்தான் நல்ல பார்வை கிடைக்குமா என்றால், அதுவும் இல்லை. நேபாளத்தில் சந்துக் ருயித்தும் அவருடைய தோழர்களும் இயந்திர முறையையும், இயந்திரமில்லாமல் சிறு வெட்டால் செய்யும் முறையையும் ஒப்பிட்டு 2007இல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு மாதம் கழித்துத் தக்க கண்ணாடி போட்டுப் பார்த்தபோது, இரு முறையிலும் நூற்றுக்கு 98 பேருக்கு நல்ல பார்வை இருந்தது. தமிழ்நாட்டில் மருத்துவர் கோ. வெங்கடசாமி, கீல்வாதத்தால் விரல்கள் கோணிய நிலையிலும் அறுவை செய்தவர். பணி ஓய்வுக்குப் பின் 1976இல் 11 படுக்கைகளோடு மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1992இல் அந்நிறுவனம் குறைந்த விலையில் வில்லைகளைத் தானே செய்யத் தொடங்கிற்று. ஏழையின் கண்ணுக்குள்ளும் வில்லை வைக்கலாம் என்ற நிலை அதனால் வந்தது.

நேயர்களே, இதுவரை பார்த்த காரணங்களை உலகச் சுகாதாரத் துறையினர் நான்காகத் தொகுத்திருக்கிறார்கள். ஒன்று, அறுவைக்கு முன்பே கண்ணில் இருந்த வேறு நோய். இரண்டு, அறுவையில் நேர்ந்த சிக்கல். மூன்று, சரியான கண்ணாடி இல்லாமை. நான்கு, பிற்காலத்தில் வரும் கோளாறு. உலகச் சுகாதார நிறுவனம் 1998இல் ஓர் அளவுகோலும் வகுத்தது. சாதாரணக் கண் 18 மீட்டரில் காண்பதை 6 மீட்டரிலாவது காணும் பார்வை, அறுவை செய்தவர்களில் நூற்றுக்கு 80 பேருக்காவது, அவர்களிடம் உள்ள கண்ணாடியோடு இருக்க வேண்டும். மிகக் குறைந்த பார்வையோடு நிற்பவர்கள் நூற்றுக்கு 5 பேருக்கு மேல் இருக்கக்கூடாது.

இவற்றுள் முதற்காரணம் நம் சமுதாயத்துக்கு மிக நெருக்கமானது. இனிப்புநீர் நம்மவரிடையே மிகுதி. 2007 முதல் 2009 வரை சிங்கப்பூர் வாழ் இந்தியரிடையே நடந்த கண் ஆய்வில், இனிப்புநீர் உள்ளவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 30 பேருக்கு விழித்திரை பாதிக்கப்பட்டிருந்தது. விழித்திரையில் இரத்தம் கசிந்த கண்ணில் புரையை எடுத்தால், கறை படிந்த சுவருக்கு எதிரே சன்னலைத் துடைத்ததுபோல்தான். சன்னல் தெளிவாகும், சுவரின் கறை போகாது. அதுமட்டுமல்ல. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோது அறுவை செய்தால் விழித்திரையின் நடுப்பகுதி வீங்கிப் பார்வை மங்கக்கூடும். ஆகவே, "முதலில் சர்க்கரையைக் குறையுங்கள், பிறகு அறுவை" என்று மருத்துவர் திருப்பி அனுப்பினால், அது அலட்சியம் அன்று, அக்கறை.

குழந்தைகளின் நிலை வேறு. கருவுற்ற தாய்க்கு ரூபெல்லா அம்மை கண்டால் குழந்தை புரையோடு பிறக்கலாம் என்று 1941இல் ஆஸ்திரேலிய மருத்துவர் நார்மன் கிரெக் கண்டறிந்தார். பிறந்தபின் முதல் மாதங்களில் கண்ணிலிருந்து தெளிவான உருவம் வராவிட்டால், மூளை பார்க்கவே கற்றுக்கொள்வதில்லை. கண் பார்வைக்கும் மூளைக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து, இந்த உண்மையையும் விளக்கிய ஹ்யூபெல், வீசெல் இருவருக்கும் 1981இல் நோபல் பரிசு கிடைத்தது. பெரியவர்கள் சில மாதம் காத்திருக்கலாம். கைக்குழந்தை காத்திருக்கக் கூடாது. குழந்தையின் கண்மணியில் வெண்மை தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். பச்சிலைச் சாறு பிழிவதும் தாய்ப்பால் விடுவதும் வேண்டா.

நான்காவது காரணத்தையும் சொல்லிவிடுவோம். அறுவை முடிந்து நன்றாகத் தெரிந்த கண், மாதங்களோ ஆண்டுகளோ கழித்து மறுபடி மங்கலாம். "புரை திரும்பவும் வளர்ந்துவிட்டது" என்று வீட்டில் கலங்குவார்கள். புரை வளரவில்லை. வில்லையைத் தாங்க விட்டுவைத்த மெல்லிய உறைதான் மங்கியிருக்கிறது. 1980களின் தொடக்கத்திலிருந்து லேசர் ஒளியால் அதில் ஒரு வழி திறந்துவிடுகிறார்கள். கத்தி இல்லை, படுக்கை இல்லை. சில நிமிட வேலை. இது தெரியாமல் இரண்டாம் முறையும் இருளை ஏற்றுக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடுகிற முதியவர்களை நினைத்தால் மனம் வேதனைப்படுகிறது.

மலேசியாவில் 2014இல் நடந்த தேசியக் கண் ஆய்வின்படி, 50 வயதைக் கடந்தவர்களின் கண் பார்வையின்மைக்கு முதற்காரணம் சிகிச்சை செய்யாத புரையே. பார்வை இழந்தோரில் பாதிப் பேருக்கு மேல் இதனால் இழந்தவர்கள். அறுவை செய்து கெட்டவர்களைவிட, செய்யாமலே இருளில் இருப்பவர்களே அதிகம் என்பதை இதிலிருந்து நாம் உணர வேண்டும்.

முடிவாகச் சில வார்த்தைகள். பார்வை மங்கினால் புரை முற்றக் காத்திராமல் கண்ணைக் காட்டுங்கள். "புரையைத் தவிர என் கண்ணில் வேறு நோய் உண்டா? எனக்கு எவ்வளவு பார்வை எதிர்பார்க்கலாம்?" என்று அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அன்று. மொழி தடையானால் மகனையோ மகளையோ உடன் அழைத்துச் செல்லுங்கள். சர்க்கரை அளவையும் சாப்பிடும் மருந்துகளையும் மறைக்காமல் சொல்லுங்கள். அறுவைக்குப் பின் சொட்டு மருந்தைக் கை கழுவிய பிறகே விடுங்கள். கண்ணைத் தேய்க்காதீர்கள், கண்ணில் அழுக்கு நீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கண் சிவந்து, வலி கூடி, பார்வை குறைந்தால் மறுநாள்வரை பொறுக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். சில வாரங்கள் கழித்துக் கண்ணாடி எழுதிக் கொடுத்தால் அதை வாங்கிப் போடுங்கள். பழைய கண்ணாடியையே மாட்டிக்கொண்டு "தெரியவில்லை" என்று குறை சொல்லாதீர்கள்.

தோட்டத்திலேயே இன்னும் வாழ்கிறவர்களானாலும், தோட்டம் துண்டாடப்பட்டுப் பட்டணத்து அடுக்குமாடிக்கு வந்துவிட்டவர்களானாலும், நம் வீடுகளில் வாழ்நாளெல்லாம் விடியற்காலை இருட்டில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் வெட்டப் போன ஒரு தாயோ தந்தையோ இருப்பார். அவர் பேரப்பிள்ளையின் முகத்தைத் தடவிப் பார்த்து அறியாமல், கண்ணால் பார்த்து அறிய வேண்டும். இந்த வாரமே அவரிடம் ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் நாட்காட்டியின் தேதியைப் படிக்கச் சொல்லுங்கள். படிக்கத் தடுமாறினால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.